காவலுக்கு ஆளில்லாத தோட்டம்: இரும்புக் குழாயில் பாத்திக்கூடு அமைப்பது எப்படி?

செட்டிக்குளம் முகாமிலிருந்து 2010 ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் காணிக்குத் திரும்பியபோது, தகரமும் தறப்பாளும் தந்தார்கள். பிறகு ஒரு நாள் கத்தரி, மிளகாய் நாற்றுகளும் தந்தார்கள். பிள்ளைகளும் நானும் காணியைத் துப்புரவாக்கி, கால் ஏக்கரில் நட்டு, கிணற்றிலிருந்து கையால் அள்ளி ஊற்றினோம். பதினெட்டாம் நாள் இரவு கட்டாக்காலி மாடுகள் வந்தன. விடிய எழும்பிப் பார்க்கும்போது குளம்படிகளும் ஒடிந்த தண்டுகளும்தான் மிஞ்சியிருந்தன.

"காவல் கிடக்காமல் வன்னியில தோட்டம் செய்யேலுமோ பிள்ளை?" என்று பக்கத்துக் காணி ஐயா கேட்டார். அவர் சொன்னது சரி. போருக்கு முன்னர் எங்கள் தோட்டத்தின் மூலையிலும் ஒரு காவல் கொட்டில் இருந்தது. அதில் படுத்தவர் என் கணவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு இரவில் நான் கொட்டிலில் கிடக்க முடியாது. என்னைப்போல எத்தனையோ பெண்கள் இந்தக் காரணத்துக்காகவே தோட்டத்தைக் கைவிட்டு, கூலி வேலைக்குப் போனார்கள்.

கால் ஏக்கரைக் காக்க முடியாவிட்டால், காக்கக்கூடிய அளவுக்கு மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன். நான்கு அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் கொண்ட ஒரு பாத்தி. அதன் மேல் இரும்புக் குழாயில் ஒரு கூடு, கூட்டின் மேல் வலை. இன்று என் வளவில் இப்படி ஐந்து பாத்திகள் இருக்கின்றன. வீட்டுக் கறிக்கு நான் கடைக்குப் போவது குறைவு. மிஞ்சுவது சந்தைக்குப் போகிறது. இதைச் செய்யப் பழகும்போது நான் விட்ட பிழைகள் மற்றவர்களுக்கு வராமலிருக்கவே இதை எழுதுகிறேன்.

ஏன் குழாய்?

முதலில் காட்டுத்தடியில்தான் செய்தேன். ஒரு மாரியில் அடி உக்கியது, அடுத்த கோடையில் கறையான் ஏறியது. பூவரசு, கிளுவைக் கதியால் நட்டால் அது தழைத்து வேலியாகும். ஆனால் பாத்திக்கு மேல் கூரைபோல நிற்காது, அதன் வேரும் பாத்தியின் தண்ணீரைக் குடிக்கும். பீ.வி.சீ. குழாய் மலிவுதான். ஆனாலும் எங்கள் வெயிலில் சில வருடங்களில் உடையத் தொடங்கும், குரங்கு ஏறிக் குதித்தால் வளைந்து படுத்துவிடும்.

நாகம் பூசிய ஜீ.ஐ. குழாய் அப்படியல்ல. நான் முதன்முதலாகச் செய்த வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கழற்றி வேறு பாத்திக்கும் மாற்றலாம். அடிக்கடி இடம் பெயர்ந்து பழகியவர்களுக்கு, கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு பொருளின் பெறுமதியைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை

குழாய் தேடத் தொடங்கிய நாட்களில் என் மூத்தவன் பற்றைக்குள் இருந்து ஒரு இரும்புத் துண்டைக் கண்டுவிட்டு வந்து, "அம்மா, அதில ஒரு பைப் கிடக்குது" என்றான். நல்ல காலம், அவன் அதைத் தொடவில்லை. எங்கள் ஒழுங்கையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். தூரத்தில் நின்று பார்த்தவள், உடனே எல்லோரையும் பின்னால் போகச் சொன்னாள். அது வெடிக்காத எறிகணை.

வன்னியில் பழைய இரும்பு பொறுக்கப் போய் உயிரையும் கைகால்களையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மண்ணில் புதைந்தோ பற்றைக்குள்ளோ கிடக்கும் எந்தக் குழாயையும் இழுக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் மூடிய குழாயை நெருப்பில் காட்டாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். துப்புரவாக்கப்பட்ட காணியென்றாலும், மழை மண்ணை அரித்த பிறகு ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பாத்திக்கூட்டுக்குக் கடையில் வாங்கிய குழாய், அல்லது எங்கிருந்து கழற்றியது என்று உங்களுக்குத் தெரிந்த குழாய் மட்டும் போதும்.

அளவும் கணக்கும்

பாத்தியின் அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து கை எட்டுவது இரண்டு அடி. இரு பக்கமும் நின்றால் நடுப்பகுதி வரை மிதிக்காமல் களை பிடுங்கலாம்.

அரை அங்குலக் குழாய் போதும். அரை அங்குலம் என்பது உள்துவாரத்தைக் குறிக்கும் பெயர். வெளிப்புறத்தை அளந்தால் 21 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். கடையில் "இருபது அடி" என்பார்கள். உண்மையில் அது 6 மீற்றர், அதாவது 19 அடி 8 அங்குலம். அதைச் சரிபாதியாக அறுத்தால் 9 அடி 10 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் வரும். ஒரு துண்டு ஒரு வளைவு.

நான்கு அடி அகலத்துக்கு அரைவட்டமாக வளைக்க 6 அடி 3 அங்குலம் போகும். மிச்சம் இரு பக்கமும் ஏறத்தாழ 21 அங்குலக் காலாக நேரே நிற்கும். நடு உயரம் மூன்றே முக்கால் அடி வரும். மிளகாய், கத்தரி, தக்காளி, கீரை எல்லாவற்றுக்கும் இது போதுமான உயரம்.

பன்னிரண்டு அடிப் பாத்திக்கு நான்கு அடிக்கு ஒன்றாக நான்கு வளைவுகள் வேண்டும். அதற்கு இரண்டு குழாய்கள். உச்சியில் நீளவாட்டில் ஓடும் முகட்டுக் குழாய்க்கு மூன்றாவது குழாயிலிருந்து பன்னிரண்டரை அடி. அதில் மிஞ்சும் ஏழு அடியை வலையின் அடிப்பாரமாக வைக்கலாம். ஆக, ஒரு பாத்திக்கு மூன்று குழாய்கள். இவற்றைவிட 12 மில்லிமீற்றர் கொங்கிரீட் கம்பியில் மூன்று அடித் துண்டுகள் எட்டு வேண்டும். வீட்டு வேலை நடக்கும் இடங்களில் இப்படிப்பட்ட துண்டுகள் மிஞ்சும், கேட்டு வாங்கலாம்.

வளைக்கும் முறை

குழாய் வளைக்கும் இயந்திரம் என்னிடம் இல்லை. எங்கள் பழைய வீட்டில் மிஞ்சியது ஒரு கதவு. ஒரு பக்கம் எரிந்திருந்தது. அதை நிலத்தில் படுக்க வைத்து, ஆணியும் கயிறும் கொண்டு 22 அங்குல ஆரையில் ஒரு அரைவட்டம் கீறினேன். கோட்டின் உட்பக்கமாகச் சிறிய மரக்கட்டைகளை நெருக்கமாக அறைந்தேன். வளைத்த இரும்பு கொஞ்சம் திரும்பி விரியும். அதனால்தான் 24 அங்குலத்துக்குப் பதிலாக 22 அங்குலம். உங்கள் குழாய் எவ்வளவு விரிகிறது என்பதை முதல் வளைவில் பார்த்து, கட்டைகளை மாற்றி அடியுங்கள்.

குழாயின் ஒரு வாயை மரக்கட்டையால் அடைத்து, நன்றாகக் காய்ந்த மெல்லிய மணலை நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, மறுவாயையும் அடையுங்கள். மணல் இருந்தால் குழாய் நசியாது. மணல் ஈரமாக இருந்தால் உள்ளே கட்டிபட்டு வெளியே வராது. குழாயின் நீளவாட்டில் ஒட்டுத் தழும்பு ஒன்று தெரியும். வளைக்கும்போது அது வெளிப்புறமோ உட்புறமோ வராமல், மேல்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். வெளிப்புறம் வந்தால் இழுபட்டு வெடிக்கலாம்.

குழாயின் நடுவில் ஒரு அடையாளம் போட்டு, இரு பக்கமும் கால் ஒரே அளவில் வருமாறு தொடங்குங்கள். ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் மறு முனையைக் கட்டைகளோடு அணைத்தபடி மெதுவாக நடந்து வர வேண்டும். திடீரென்று இழுத்தால் ஓரிடத்தில் மடியும். மடிந்த இடம் பிறகு எப்போதும் பலவீனம்தான். நானும் என் மகளும் நான்கு வளைவுகளையும் ஒரு பின்னேரத்தில் முடித்தோம்.

நாட்டும் முறை

குழாயை நேரே மண்ணுக்குள் இறக்க நினைத்தேன். சந்தியில் ஒட்டுவேலை செய்யும் தம்பிதான் தடுத்தான். "அக்கா, மண்ணுக்க விட்டா ஈரத்தில அடியிலதான் முதல்ல துருப்பிடிக்கும். கம்பியை அடிச்சுப்போட்டு அதுக்கு மேல குழாயைச் செருகி விடுங்கோ. கழட்டவும் லேசு" என்றான்.

அப்படியே செய்தோம். ஒவ்வொரு கம்பியிலும் ஒன்றரை அடி மண்ணுக்குள், ஒன்றரை அடி மேலே. மேலே நிற்கும் கம்பியில் குழாய்க் கால் செருகி நிற்கும். இது செம்மண்ணுக்குச் சரி. முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற மணல் நிலமென்றால் கம்பியை நான்கு அடியாக எடுத்து, இரண்டரை அடியை உள்ளே இறக்குங்கள். கடற்காற்று படும் இடங்களில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அறுத்த வாய்களில் நாகம் இருக்காது என்பதால், அந்த இடங்களுக்கு எங்கென்றாலும் துருத்தடுப்புப் பெயின்ற் பூச வேண்டும். கம்பி அடித்து வளைவு செருகும் வரை, அதன் நுனியில் வெற்றுப் போத்தல் ஒன்றைக் கவிழ்த்து விடுங்கள். குனியும்போது கண்ணில் குத்தக்கூடிய உயரம் அது.

முகட்டுக் குழாயை வளைவுகளின் கீழ்ப்பக்கமாக வைத்து, கட்டுக்கம்பியால் குறுக்கும் மறுக்கும் இறுக்குங்கள். கம்பி முனைகளை உள்ளே மடக்கி விடுங்கள். இல்லாவிட்டால் வலையைக் கிழிக்கும். இரு தலைப்பு வளைவுகளின் உச்சியிலிருந்தும் நீளவாட்டில் ஒரு கயிற்றை இழுத்து, முளையடித்துக் கட்டினால் கூடு முன்னும் பின்னும் சாயாது.

வெல்டிங் தேவையில்லை என்பதே இந்த முறையின் நன்மை. யாராவது ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கவனம் வேண்டும். ஜீ.ஐ. குழாயின் நாகப் பூச்சு எரியும்போது வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணித்தியாலங்களில் குளிர்காய்ச்சல், உடம்புநோ, தலையிடி வரும். ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கி, வெளியான இடத்தில், காற்று புகையை உங்கள் பக்கம் கொண்டு வராதபடி நின்று ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்துக்குப் பிறகு பெயின்ற் பூச வேண்டும்.

எந்த வலை?

யார் வருகிறார்கள் என்று பார்த்து வலையைத் தெரிவு செய்யுங்கள்.

மயிலும் கோழியும்: ஒரு அங்குலக் கண்ணுள்ள நைலோன் வலை போதும். அதைத் தொய்யவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் சாரைப்பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். எலி பிடிக்கும் சாரை தோட்டத்துக்கு உதவி.

குரங்கு: நைலோன் வலையைக் கிழித்துவிடும். இரும்புக் கம்பி வலைதான் வேண்டும். அதன் பாரத்துக்கு வளைவுகளை மூன்று அடிக்கு ஒன்றாக, ஐந்தாக வையுங்கள். அப்போது குழாய் அரைவாசி கூட வேண்டும், கம்பித் துண்டும் இரண்டு கூடும். 2025 மார்ச் 15 அன்று நாடு முழுவதும் குரங்கு, மயில் போன்றவற்றை ஐந்து நிமிடம் எண்ணினார்கள். எண்ணிய பிறகும் அவை எங்கள் வளவுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வெள்ளை ஈ: மிளகாயிலும் தக்காளியிலும் இலை சுருளும் நோயைப் பரப்புவது இது. இதற்கு நுண்கண் பூச்சி வலை வேண்டும். நாற்று நடும் நாளிலேயே மூட வேண்டும். பூச்சி ஏறிய பிறகு மூடினால், அதைப் பத்திரமாக உள்ளே வைத்து வளர்த்தது போலாகும். மிளகாய், கத்தரி, தக்காளி தேனீ இல்லாமலும் காய்க்கும். காலையில் செடியை மெல்ல அசைத்து விட்டால் நல்லது. பூசணி, பாகல், புடோல் அப்படியல்ல. பூக்கும் காலத்தில் வலையைத் திறந்து விடுங்கள், அல்லது ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் தடவுங்கள்.

வெயில்: ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கீரைக்கும் நாற்றுக்கும் பாதி வெயிலை மறைக்கும் நிழல் வலையை இதே கூட்டில் போடலாம்.

மேலே சொன்ன கூட்டுக்கு, தலைப்புகளையும் சேர்த்து மூட 12 அடி அகலமும் 22 அடி நீளமும் கொண்ட வலை வேண்டும். சுற்றிவர அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, வலையின் ஓரத்தைப் புதைத்தால் அகழான் புகுவது குறையும். திறக்கும் பக்கத்தை மட்டும் புதைக்காமல், மிஞ்சிய குழாயையும் மணல் நிரப்பிய உரப்பைகளையும் பாரமாக வையுங்கள். வெயிலில் இரும்பு சுடும், அதில் உரசும் வலை சீக்கிரம் அறும். வளைவுகளின் மேல் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றினால் வலை கூடக் காலம் நிற்கும்.

மாடு சும்மா மேய வந்தால் இந்தக் கூட்டைத் தாண்டாது. காட்டுப்பன்றி மூக்கால் கிளப்பினால் தாண்டும். அதற்கு வெளிவேலியும் வேண்டும். யானை வரும் இடங்களுக்கு இது மருந்தல்ல. யார் சொன்னாலும் வேலிக்கோ கூட்டுக்கோ வீட்டு மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். இரும்புக்கூட்டில் மின்சாரம் இருந்தால், முதலில் தொடுவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

காற்றை மறக்க வேண்டாம்

எங்களுக்கு இரண்டு காற்று. சோளகம் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. பாத்தியின் நீளத்தை இந்த இரண்டு திசைகளையும் பார்த்தபடி அமைத்தால், காற்று அகன்ற பக்கத்தில் மோதாமல் தலைப்பில் மோதிப் போகும். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. மழைக்குப் பயந்து வலையை மூடியபடியே விட்டிருந்தேன். பூச்சி வலை காற்றைப் பிடித்துப் பாய்மரம்போல ஊதியது. குறுக்குவாட்டில் கிடந்த இரண்டு கூடுகள் கம்பியிலிருந்து கழன்று வேலியில் போய் விழுந்தன. வலை இல்லாத கூடு அசையவில்லை. அன்றிலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை, வலையைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வைப்பது. இரும்பு நிற்கும். செடி கொஞ்சம் அடிபட்டாலும் எழும்பும்.

கை, கால் இயலாதவர்களுக்கு

எனக்குக் குழாய் செருகும் முறையைச் சொல்லித் தந்த அந்தத் தம்பிக்கு ஒரு கால் செயற்கைக்கால். குந்தியிருந்து களை பிடுங்க முடியாது. அவன் தன் வீட்டில் சீமெந்துக் கல்லை அடுக்கி, பாத்தியை இரண்டு அடி உயர்த்தி, ஒரு கதிரை போட்டு இருந்து வேலை செய்கிறான். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதானால், பாத்தி இரண்டு அடி அகலம் போதும். நாற்காலி திரும்ப முன்னால் ஐந்து அடி இடம் விடுங்கள்.

ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்கு முடிச்சுப் போடுவது கஷ்டம். தண்ணீர் பிடிக்கும் முக்கால் அங்குல ஹோஸை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, நீளவாட்டில் ஒரு பக்கம் கீறி விடுங்கள். வலைக்கு மேலால் குழாயில் அழுத்தினால் கௌவிப் பிடிக்கும். இழுத்தால் கழன்று வரும். எங்கள் வீட்டிலும் இப்போது இதுதான்.

கடன் வேண்டாம்

2022 இல் இரும்பு விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விலை இன்றும் ஒரேயடியாக நிற்பதில்லை. அதனால் பணக் கணக்கை இங்கே எழுதவில்லை. உங்கள் சந்தியில் மூன்று குழாய்க்கும் வலைக்கும் விலை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். ஆனால் இதற்காக வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடனை வாங்காதீர்கள். கிழமைத் தவணை கீரைப் பாத்தி வளரும் வரை காத்திருக்காது. என் முதல் கூட்டுக்கு, மாதம் ஒரு குழாயாக மூன்று மாதம் வாங்கினேன். ஐந்து பாத்தியும் ஒரே வருடத்தில் வந்தவை அல்ல. நான்கைந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு கதவுப் பலகையும் ஒரு வாளும் எல்லோருக்கும் போதும். எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் ஆறு வீடுகளில் கூடு நிற்கிறது. விதையும் ஆலோசனையும் தேவையென்றால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

காவல் கொட்டில் இருந்த மூலையில் நான் இன்னும் எதையும் நடவில்லை. அவர் வந்து கேட்டால், அந்த இடம் அப்படியே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்ற இடமெல்லாம் பச்சையாக இருக்கிறது. இரவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டால் முன்னர்போலப் பதறி எழும்புவதில்லை. திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.